அமீர் ஹம்சாவின் மூச்சும் மொட்டைமாடிப் புறாக்களும்

உக்கடத்தில் லாரி ரேடியேட்டர் பட்டறை வைத்திருக்கும் அமீர் ஹம்சாவுக்குத் தன் மூச்சின் மேல் இருந்த கர்வத்தில் பாதியாவது தன் தொழில் மேல் இருந்திருந்தால், இந்நேரம் இன்னொரு கிளை திறந்திருப்பார். இதைச் சொல்வது வேறு யாருமில்லை, அவரேதான். ரேடியேட்டரில் ஓட்டை எங்கே என்று பார்க்க மற்ற பட்டறைகளில் கம்ப்ரஸர் வைத்துக் காற்றடிப்பார்கள். இவர் ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, ஒரு ரப்பர் குழாயை வாயில் கவ்வி, கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்ப ஊதுவார். குமிழி கிளம்பும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு டிரைவரை நிமிர்ந்து பார்ப்பார். டிரைவர் பார்ப்பது குமிழியை. தன் மூச்சைப் பார்த்துத்தான் அந்த ஆள் அசந்து நிற்கிறான் என்று இவர் எடுத்துக்கொள்வார்.

வயது ஐம்பத்தாறு. படிப்பு ஒன்பதாவது. படிப்பு ஏறவில்லை என்று ஒப்புக்கொள்ள மாட்டார், பள்ளிக்கூடத்துக்குத்தான் தன்னைத் தாங்க முடியவில்லை என்பார். மகள் நிதா கட்டிக்கொடுத்துப் போய்விட்டாள். மகன் அஃபான் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு, அங்கேயே வீடெடுத்து இருக்கிறான். பட்டறைக்குப் பின் தெருவில் சொந்த வீடு. கீழே கடைகள், முதல் மாடியில் அமீர் ஹம்சாவும் மனைவி உம்மல் குல்சும்மும், இரண்டாம் மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். அதற்கும் மேலே, மொட்டைமாடியில், தகரமும் கம்பிவலையும் வைத்துக் கட்டிய கூண்டில் அவருடைய புறாக்கள்.

புறா என்றால் சும்மா வளர்ப்பதில்லை. காலையில் பறக்க விட்டால் புள்ளியாகத் தெரியும் உயரத்துக்குப் போய், வெயில் ஏறும்வரை வட்டம் போட்டுவிட்டு, அதே மாடிக்கு வந்து இறங்குகிற ஜாதி. அமீர் ஹம்சா பந்தயத்துக்கெல்லாம் போனதில்லை. தோற்றால் புறா வருத்தப்படும் என்பார். உண்மையில் யார் வருத்தப்படுவார் என்பது தெரு முழுக்கத் தெரியும். "எங்க ஊட்டுக்காரருக்கு ரெண்டு சம்சாரமுங்க. நான் கீழ் மாடிக்காரி" என்று உம்மல் குல்சும் கல்யாண வீடுகளில் சொல்வார். சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அமீர் ஹம்சாவும் சேர்ந்து சிரிப்பார், மறுக்கமாட்டார்.

போன வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில் வறட்டு இருமல் ஒன்று வந்தது. வந்தது போகவில்லை. கூடவே மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதற்கு அவர் கண்டுபிடித்த காரணங்கள் கொஞ்சநஞ்சமல்ல. முதலில் ராத்திரி சாப்பிட்ட பரோட்டா. அப்புறம் பைபாஸ் வேலை நடக்கிற தூசி. கடைசியில், வீடு கட்டி இருபது வருஷம் கழித்து, "கொத்தனாரு படியை உசரமாக் கட்டிப்போட்டானுங்க" என்று செத்துப்போன கொத்தனார் மேலேயே பழியைப் போட்டார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று போனைக் காதில் வைத்து, யாரும் பேசாத போனில் "ம்... ம்... சரிங்க" என்று சொல்லிக்கொண்டு மூச்சைத் தேற்றிக்கொள்ளும் வித்தையைக் கற்றுக்கொண்டார். அந்தப் போன் இப்போதெல்லாம் ரொம்ப நேரம் பேசுகிறது என்று வாடகைக்கு இருப்பவர்கள் பேசிக்கொண்டார்கள்.

கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கிளிப் ஒன்று வீட்டில் இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்து, நன்றாக இளைப்பாறிய பிறகு, அதை மாட்டிக்கொள்வார். தொண்ணூற்றாறு காட்டும். அதைப் பரீட்சை மார்க் மாதிரி மனைவியிடம் நீட்டுவார்.

"படி ஏறின கையோட மாட்டிப் பாருங்களேன்" என்றார் உம்மல் குல்சும் ஒருநாள்.

"ஓடற வண்டிக்கு யாராச்சும் ஆயில் பார்ப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் கிளிப்பை அலமாரியில் வைத்துவிட்டார். அந்தப் பதில் தனக்கே ரொம்பப் பிடித்துப்போனதால், அதற்கப்புறம் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஒருநாள் பட்டறையில் லாரி ரேடியேட்டரை ஒரு முனையில் பிடித்துத் தூக்கியவர், நாலு எட்டு வைப்பதற்குள் உதடு நீலம் பூத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். செய்தி சரவணம்பட்டி வரைக்கும் போனது. அஃபான் அன்றைக்கே நுரையீரல் டாக்டர் ஒருவரிடம் நேரம் வாங்கினான். "நானும் வாரேன் அத்தா" என்றான். "நான் என்ன ஸ்கூல்லயா சேரப் போறேன்?" என்று அமீர் ஹம்சா தனியாகவே போனார். தனியாகப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைத் தன்னிடமே அவர் அப்போது சொல்லிக்கொள்ளவில்லை.

டாக்டர் சைத்ரா சின்ன வயசு. முதலில் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். குழாய் என்றதும் அமீர் ஹம்சாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. முப்பது வருஷ அனுபவத்தையும் திரட்டி ஊதினார். "நல்லா ஊதறீங்க பாய்" என்றாள் டெக்னீஷியன் பெண். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். இரண்டாவது பரீட்சையில் ஊதுகிற வேலையே இல்லை. ஏதோ வாயு கலந்த காற்றை ஒரு மூச்சு உள்ளே இழுத்து, கொஞ்ச நேரம் அடக்கி, வெளியே விட வேண்டும். உள்ளே போனதில் எவ்வளவு ரத்தத்துக்குள் இறங்கியது என்று மிஷின் கணக்குப் போடும். அதில் அவர் வாங்கியது பாதி மார்க்குக்கும் கீழே.

"ஊதறதுல ஒண்ணும் பெரிய குறை இல்லைங்க. காத்து உள்ள போகுது, வருது. ஆனா உள்ள போன ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போய்ச் சேரலை" என்றார் டாக்டர். "தொழில்ல என்னென்ன புகை, தூசின்னு சொல்லுங்க. ஊட்டுல புறா, கிளி, கோழி ஏதாச்சும் வளக்கறீங்களா?"

புறா என்ற சொல் அவ்வளவு நேராக வந்து விழும் என்று அமீர் ஹம்சா எதிர்பார்க்கவில்லை. இந்த அம்மணி அடுத்து என்ன சொல்வார் என்பது ஒன்பதாவது படித்த மூளைக்கே எட்டியது. வாய் முந்திக்கொண்டது.

"ஒண்ணுமே இல்லைங்க. ஊட்டுல ஒரு ஈ கூட வளக்கறதில்லை" என்றார்.

ஈயைச் சேர்த்தது அனாவசியம் என்று அவருக்கே பட்டது. டாக்டர் எழுதிக்கொண்டார். மாத்திரை கொடுத்தார். எதனால் வந்தது என்று தேடுவதற்காக ரத்தமும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வீடு திரும்பியதும் உம்மல் குல்சும் கேட்ட முதல் கேள்வி, "புறா வளக்கறதைச் சொன்னீங்களா?" என்பதுதான். "சொன்னேனே. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னுட்டாங்க" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். ஒரே நாளில் இரண்டு பூசணிக்காய்களை இரண்டு தட்டில் மறைத்தவர் அமீர் ஹம்சா.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது, திருடனும் கூட்டத்தோடு சேர்ந்து திருடனைத் தேடிய கதை. ஈரம் படிந்த சுவரில் பூஞ்சை இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உம்மல் குல்சும் ஆள் வைத்துச் சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தார். பழைய பஞ்சுத் தலையணையில் தூசி இருக்கலாம் என்றதும், தாய்வீட்டுச் சீதனமாக வந்த இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் போடும் சாம்பிராணியை நிறுத்தினார். சாம்பிராணி இல்லாத வெள்ளிக்கிழமை அவருக்கு வெள்ளிக்கிழமையாகவே இல்லை. அதைச் சொல்லவும் செய்தார். அமீர் ஹம்சா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்துவிட்டு, மேலே போய்ப் புறாக்களுக்குக் கம்பு வைத்தார். கூண்டுக்குள் இறகுத் தூசி வெயிலில் மினுமினுக்கும். தான் ஒரு பச்சை அயோக்கியன் என்று அவர் அங்கே நின்று மனசாரத் திட்டிக்கொள்வார். திட்டுவதற்கும் இருமல் விடாது.

மாத்திரை கொஞ்சம் கேட்டது, அவ்வளவுதான். மறுபடி போக வேண்டிய நாளில் உம்மல் குல்சும் புர்காவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். வேண்டாம் என்று சொல்ல அமீர் ஹம்சாவுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

டாக்டர் சைத்ரா ரிப்போர்ட்டைப் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"பாய், உங்க ரத்தம் புறாவோட நல்லாச் சண்டை போட்டிருக்குதுங்க. சண்டைக்கான ஆதாரம் எக்கச்சக்கமா இருக்குது. புறாவே இல்லாத ஊட்டுல இருக்கறவருக்கு இது எப்படி வரும்?"

அமீர் ஹம்சா திருடனுக்குத் தேள் கொட்டியது போல் உட்கார்ந்திருந்தார். உம்மல் குல்சும் ஒரு நிமிஷம் கணவரைப் பார்த்தார், ஒரு நிமிஷம் டாக்டரைப் பார்த்தார்.

"ஏனுங் டாக்டர் அம்மணி, புறாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நீங்கதான் சொன்னதா இவரு சொன்னாருங்களே?"

"நானுங்களா? ஊட்டுல ஈ கூட இல்லைன்னு எழுதி வெச்சிருக்கறேனுங்க."

உம்மல் குல்சும் அழவில்லை, கத்தவில்லை. "என் மெத்தை போச்சு" என்று மட்டும் சொன்னார். அமீர் ஹம்சாவுக்குக் காது மடல் சுட்டது. அவமானம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டதாக அவர் பிற்பாடு பட்டறையில் சொல்வார்.

டாக்டர் அதற்கு மேல் அவரை வாட்டவில்லை. ஒரு காகிதத்தைத் திருப்பி, திராட்சைக் கொத்து மாதிரி ஒன்றை வரைந்தார்.

"நுரையீரலுக்குள்ள இந்த மாதிரிக் குட்டிக் குட்டிப் பைங்க கோடிக்கணக்குல இருக்குதுங்க. எல்லாத்தையும் விரிச்சுப் போட்டா ஒரு ரெண்டு பெட்ரூம் ஊட்டுத் தரை அளவுக்கு வரும். பைக்குள்ள காத்து, வெளியே சுத்தியும் ரத்தம். நடுவுல ஒரு சுவரு. ஒரு தலைமுடியை நூறாக் கிழிச்சா எப்படி இருக்கும், அத்தனை மெல்லிசு. காத்துல ஆக்சிஜன் நிறைய, வர்ற ரத்தத்துல கம்மி. நிறைய இருக்கற பக்கமிருந்து கம்மியா இருக்கற பக்கத்துக்கு அது தானாவே போயிரும். ரத்தத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு அதே மாதிரி இந்தப் பக்கம் வந்துரும். யாரும் புடிச்சுத் தள்ள வேண்டியதில்லைங்க. சுவரு மெல்லிசா இருந்தாப் போதும்."

"என்னுது?" என்று அமீர் ஹம்சா மெல்லக் கேட்டார்.

"தடிச்சுப்போச்சுங்க. புறாவோட இறகுத் தூசியும் எச்சத் தூசியும் போகப் போக உடம்பு அதோட சண்டை போடுது. சண்டை நடக்கற எடம் அந்தச் சுவரு. கார்பன் டை ஆக்சைடு எப்படியோ நுழைஞ்சு வெளிய வந்துருது. ஆக்சிஜனாலதான் முடியலை."

"உக்காந்து பாத்தா தொண்ணூத்தாறு காட்டுதுங்களே?"

"உக்காந்திருக்கறப்ப ரத்தம் நிதானமாப் போகும். சுவரு தடிமனா இருந்தாலும் நின்னு வாங்கிட்டுப் போறதுக்கு நேரம் இருக்குது. படி ஏறினா ரத்தம் ஓட்டமா ஓடும். வாங்கறதுக்குள்ள தாண்டிப் போயிரும்."

அமீர் ஹம்சா காகிதத்தில் இருந்த திராட்சைக் கொத்தையே பார்த்தார். இதே கதையை எத்தனை டிரைவர்களுக்குச் சொல்லியிருப்பார்! உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாயில் உப்புக் கட்டிப் போயிருக்கும். ஃபேன் சுற்றும், தண்ணீர் ஓடும், ஓட்டை ஒன்றும் இருக்காது. ஆனால் சூடு குழாயைத் தாண்டி வெளியே போகாது. 'சமதரையில ஓட்டிப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லாதே, திம்பம் மலை ஏறிட்டு வந்து சொல்லு' என்று எத்தனை பேரை முட்டாள் என்று திட்டியிருப்பார்! அவரோ நாற்காலியில் சாய்ந்துகொண்டு மார்க் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் பலன் சொல்கிற பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறார். இந்தப் பல்லி நீச்சல் அடித்துக்கொண்டே பலன் சொல்லியிருக்கிறது.

ஆனால் புத்தி வருவது வேறு, புறாவை விடுவது வேறு. அந்த நாற்காலியிலேயே பேரத்தை ஆரம்பித்தார். மாஸ்க் போட்டுக்கொண்டு போனால்? முடியாதுங்க. கூண்டை அடுத்த வீட்டு மாடிக்கு மாற்றினால்? முடியாதுங்க. ஒரே ஒரு ஜோடி?

"பாய், சுவரு முழுசாக் கெட்டுப்போறதுக்குள்ள வந்திருக்கறீங்க. புறாவை நிறுத்தினா இளகறதுக்கு வழி இருக்குது. இப்படியே விட்டா அது தழும்பாயிரும். தழும்புக்கு மருந்து இல்லைங்க. அப்புறம் சிலிண்டரும் கையுமாத்தான் இருக்கோணும்" என்றார் டாக்டர்.

மதுக்கரையில் சாஜித் என்று ஒரு லாரிக்காரர். சிமெண்ட் லோடு ஓட்டுகிறவர், பாயின் வாடிக்கை, அவரும் புறாப் பைத்தியம். புறாக்களை அவரிடம் கொடுப்பதென்று முடிவானது. எத்தனையோ ஊர் இருக்க மதுக்கரையை ஏன் தேர்ந்தெடுத்தார் என்றால், அது கண்ணெட்டும் தூரம். அவருடைய புறாக்களுக்கு அது ஒரு தூரமே இல்லை. சாஜித்தும் விவரமானவர்தான். புது மாடி பழகும்வரை பறக்காமலிருக்க இறக்கைகளில் டேப் ஒட்டி வைப்பதாகச் சொன்னார். "ஒட்டுங்க, ஒட்டுங்க" என்றார் அமீர் ஹம்சா. தன் புறாவாவது மறப்பதாவது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டார். கூண்டைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. உம்மல் குல்சும் மொட்டைமாடியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவித் தள்ளினார். மாத்திரை பழையதுதான். மாறியது, புறா இல்லை என்பது ஒன்று மட்டும்.

இனிமேல்தான் அவருடைய பைத்தியக்காரத்தனத்தின் உச்சம். உலகத்தில் சீக்காளிகள் எல்லோரும் குணமாக வேண்டும் என்று துஆ கேட்பார்கள். அமீர் ஹம்சா தன் இருமல் நிற்கக் கூடாது என்று ஆசைப்பட்டார். புறா இல்லாமலும் மூச்சு வாங்கினால் டாக்டர் சொன்னது தப்பு. டாக்டர் சொன்னது தப்பு என்றால் புறாக்களைத் திரும்பக் கொண்டுவரலாம். தினமும் காலையில் எழுந்ததும் இருமிப் பார்ப்பார். இருமல் வரவில்லை என்றால் முகம் வாடிவிடும். "ஏனுங்க, இன்னிக்கு மூச்சு எப்படி?" என்று உம்மல் குல்சும் கேட்டால், "அப்படியேதான் இருக்குது" என்பார். முதல் மாடிக்கு மேலே படி ஏறுவதையே விட்டுவிட்டார். பார்த்தால்தானே தெரியும்? பார்க்காமலிருந்தால் இன்னும் கொஞ்ச நாளைக்கு நோயாளியாக இருக்கலாம்.

இப்படியே இரண்டு மாசம் ஓடிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கீழே கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிர்க்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "பாய், உங்க மாடி மேல..." என்று சொல்லி முடிக்கவில்லை. டேப்பைப் பிரித்திருக்கிறார் சாஜித். வானத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாக அவர் வீட்டு மொட்டைமாடியில் இறங்கின. அமீர் ஹம்சா டீ கிளாஸை எங்கே வைத்தார் என்பது அவருக்கே தெரியாது. படியில் பாய்ந்தார். பின்னாலேயே உம்மல் குல்சும், "ஏனுங்க, மெதுவா! மெதுவா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

மாடிக்கதவைத் தள்ளினார். கைப்பிடிச் சுவர் நெடுக வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவரைக் கண்டதும் கழுத்தை ஆட்டிக்கொண்டு குனுகின. அமீர் ஹம்சாவுக்கு ஓடிப்போய் அள்ளிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இருந்தும் பழக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கட்டும் என்று காத்து நின்றார்.

மூச்சு வாங்கவில்லை.

இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தார். நெஞ்சு சாதாரணமாக ஏறி இறங்கியது. திருப்பத்தில் நிற்கவில்லை, போனை எடுக்கவில்லை, கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. டாக்டர் சொன்னது சரி. எழுத்துக்கு எழுத்து சரி. இனி இந்தப் புறாக்கள் அவருக்கு இல்லை.

பின்னால் வந்து சேர்ந்தபோது மூச்சு இரைத்தது உம்மல் குல்சும்முக்குத்தான். கடைசிப் படியில் உட்கார்ந்து கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு மூச்சு வாங்கலீங்களே!"

"இல்ல புள்ள" என்றார் அமீர் ஹம்சா. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசினார். "போங்க! போங்க!" என்று சுழற்றினார். புறாக்கள் படபடவென்று கிளம்பின. வட்டம் போட்டன, உயர்ந்தன, திரும்ப வந்து அதே சுவரில் இறங்கின. அவர் மறுபடி வீசினார். மறுபடி கிளம்பி, மறுபடி வந்தன. துண்டை வீசினால் பறக்க வேண்டும், நிறுத்தினால் இறங்க வேண்டும் என்று குஞ்சிலிருந்தே அவற்றுக்குப் பழக்கியவர் அவர்தான். துரத்துகிறார் என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? இத்தனை நாள் கழித்து வந்திருக்கிறோம், விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டன.

உம்மல் குல்சும் எழுந்து வந்து துண்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"சாஜித்துக்குப் போன் போட்டு வரச் சொல்றேன். நான் பாத்துக்கறேன். நீங்க கீழ போங்க. நீங்க நிக்கற வரைக்கும் அதுக போகாது."

அமீர் ஹம்சா இறங்கினார். முதல் மாடி வரைக்கும் அழுதுகொண்டே இறங்கினார். அழுததற்குக்கூட மூச்சு வாங்கவில்லை.